சிவப்புத் தொப்பியும் பழைய பாடமும்

புதுவைக் காவலரின் தலையிலே ஒரு சிவப்புத் தொப்பி! வட்டமாய், உயரமாய், எடுப்பாய் அமர்ந்திருக்கும் தொப்பி. கடற்கரைக்கு உலாவ வருவோர் அதைக் கண்டு வியக்கின்றனர். அருகே நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்ற எச்சம் அது. ஆட்சி போயிற்று, தொப்பி நிலைத்தது. நிலைக்கட்டும்! தொப்பியின் மீது நமக்கு வழக்கு எதுவுமில்லை. தொப்பிக்குக் கீழே இருக்கின்ற தலைக்குள் எந்தப் பாடத்தைப் புகுத்துகிறோம் என்பதே நமது வழக்கு.

1954 அக்டோபர் 18. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூர் என்னும் சிற்றூரில் மக்களின் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைவோம் என்றனர். 8 பேர் வேண்டா என்றனர். அன்று அந்த மண்ணிலே வாள் பேசவில்லை, வாக்கு பேசிற்று. நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி முற்றுப்பெற்றது. குடிகளாய்க் கிடந்தோர் குடிமக்களாயினர். நன்று! ஆனால், குடிகளை அதட்டுவதற்கென்று பயிற்றப்பட்ட காவல், குடிமக்களைக் காப்பதற்கென்று மறுபடியும் பயிற்றப்பட்டதா? கீழூரில் வாக்களித்தவர்களின் பேரன் பேத்திகள், இன்று ஒரு புகாரோடு காவல் நிலையத்துப் படியேறும்போது குடிமக்களாய் ஏறுகின்றனரா, குடிகளாய் ஏறுகின்றனரா?

கதையைத் திறனாய்வோர் உண்டு. கவிதையை நிறுத்துப் பார்ப்போர் உண்டு. இந்தக் கிழமை நாம் திறனாய எடுத்துக்கொண்ட நூலோ கடையில் கிடைப்பதன்று. காவலர் பயிற்சி என்னும் பாடநூல் அது. அதற்கு ஆசிரியர் பலர், பதிப்புகள் பல, விலை மட்டும் என்றும் ஏழையின் முதுகிலிருந்தே வாங்கப்படுகிறது.

நூல் பிறந்த கதை

எந்த நூலுக்கும் பிறப்பு வரலாறு உண்டு. இந்த நூலின் பிறப்பு வரலாற்றில் நம் தமிழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைத் தோழர்கள் அறிதல் வேண்டும். சென்னை மாகாணத்திலே வரி தண்டுவதற்கும் வாக்குமூலம் வாங்குவதற்கும் மக்களைச் சித்திரவதை செய்கின்றனர் என்ற குரல் இலண்டன் வரையிலே எட்டியது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1855இல் அறிக்கை வெளிவந்தது. சித்திரவதை நடப்பது உண்மையே என்று வெள்ளையர் குழுவே ஒப்புக்கொண்டது. உழவனை வெயிலில் நிறுத்தியதும், விரல்களைக் கிட்டியிலிட்டு நெரித்ததும், உணவு மறுத்ததும் ஏட்டில் ஏறின.

பின்னர் வந்தது 1861. அந்த ஆண்டிலே இரண்டு நிகழ்ந்தன. ஒன்று, போலீஸ் சட்டம். அயர்லாந்து மக்களை அடக்கி வைக்க அமைக்கப்பட்ட படையை முன்மாதிரியாய்க் கொண்டு, இந்தியக் காவல் வார்க்கப்பட்டது. மற்றொன்று, காவலரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகச் செல்லாது என்னும் விதி. எண்ணிப் பாருங்கள்! தான் அமைத்த காவலைத் தானே நம்பவில்லை அன்றைய அரசு. ஒரு கையால் தடியைக் கொடுத்தது. மறு கையால், அந்தத் தடி வாங்கித் தரும் சொல் செல்லாது என்று எழுதிற்று.

அந்த விதி 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் ஏறியது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. அந்த வாக்குமூலத்தின் வழியே ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு மட்டுமே அது செல்லும். எனவே, "அடிக்காமல் கள்ளன் உண்மை சொல்வானா?" என்று மீசை முறுக்கிக் கேட்போரை நாம் திருப்பிக் கேட்கிறோம்: அடித்து வாங்கிய உண்மையை எந்த நீதிமன்றத்தில் விற்கப் போகிறீர்? நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சரக்கு செல்லாச் சரக்கு என்பதைப் பயிற்சிப் பள்ளியின் முதல் நாளிலேயே கரும்பலகையில் எழுதியிருக்க வேண்டாமா?

கால் நடந்தது, கருத்து நடந்ததா?

கோரிமேட்டிலே புதுவைக் காவலர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் இளைஞர்களும் இளம் பெண்களும் தேர்வெழுதி, ஓடி, தாண்டி, தேறி அதன் வாயிலில் நுழைகின்றனர். உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஆலைத் தொழிலாளியின் மக்கள். அவர்களை நாம் குறை கூறவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளே அவர்கள்! கல்லாய் வருவோரைச் சிலையாய்ச் செதுக்குவதும், சம்மட்டியாய் வார்ப்பதும் பள்ளியின் கையில் இருக்கிறது.

இந்திய நாட்டுக் காவலர் பயிற்சியை ஆராய 1971இல் கோரே குழு அமைக்கப்பட்டது. 1973இல் அறிக்கை தந்தது. அணிவகுப்பும் உடற்பயிற்சியும் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன, மக்களோடு பழகும் முறையும் மனப்பான்மையும் புறக்கணிக்கப்படுகின்றன என்பதே அதன் கவலை. 1977இல் தேசியப் போலீஸ் ஆணையம் அமைந்தது. 1981 வரை எட்டு அறிக்கைகளை எழுதிக் குவித்தது. 2006 செப்டம்பர் 22இல் பிரகாஷ் சிங் வழக்கிலே உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. அறிக்கைகள் அடுக்கடுக்காய் ஏறின. ஆனால் 'காமன் காஸ்' அமைப்பும் 'லோக்நிதி' ஆய்வாளரும் 2019இல் வெளியிட்ட அறிக்கை காட்டுவது யாது? ஐந்தாண்டுக் காலத்தைக் கணக்கிட்டால், பணியில் இருக்கும்போது மறுபயிற்சி பெற்றவர்கள், சராசரியாக நூற்றுக்கு ஏழு பேர் கூட இல்லை. பெற்றவரிலும் மேலதிகாரிகளே மிகுதி. அதே ஆய்வில், குற்றவாளியிடம் காவலர் வன்முறை காட்டுவது தகும் என்று நால்வரில் மூவர் கருதினர்.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள், தோழர்களே. பாடம் இல்லாத இடத்தில் பழக்கம் பாடமாகிறது. பள்ளி சொல்லித் தராததை, நிலையத்திலே பழைய ஏட்டு சொல்லித் தருகிறார். "தம்பி, புத்தகத்தைப் பெட்டியில் வை; நான் சொல்வதைக் கேள்" என்பதிலேதான் உண்மையான பயிற்சி தொடங்குகிறது.

உரைகல் இங்கே இருக்கிறது

பொன்னை உரைகல்லில் உரைப்பது போல, இந்தப் பாடநூலை வில்லியனூர் மண்ணிலும் பாகூர் வயலிலும் உரைத்துப் பார்ப்போம்.

முதல் உரை: எல்லை. புதுவை நிலப்படத்தைப் பார்த்தவர்க்குத் தெரியும், கிழிந்த துணியை ஒட்டுப் போட்டது போன்ற தோற்றம். ஒரு வயல் புதுவையுடையது. அடுத்த வரப்பு கடலூர் மாவட்டத்தினுடையது. வேறொரு தோப்பு விழுப்புரத்தினுடையது. இரவிலே ஒருத்தி தாக்கப்படுகிறாள். அழுதுகொண்டே நிலையத்துக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "எந்த இடத்தில் நடந்தது, அம்மா? வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்பதே முதல் கேள்வியானால், அவள் கண்ணீருக்கு எந்த மாநிலம் பொறுப்பு? எங்கு நடந்ததாயினும் எந்த நிலையமும் புகாரைப் பதிவு செய்தல் வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு கூறுகிறது. பிடிக்கத்தக்க குற்றம் என்று தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்ணுக்கு எதிரான சில கொடுங்குற்றங்களில் பதிய மறுக்கும் காவலருக்கே சிறை உண்டு. வேறெந்த ஊர்க் காவலருக்கும் முன்பாக, எல்லைகள் சிக்குண்டு கிடக்கும் இந்த ஊர்க் காவலருக்கன்றோ இது தலைப்பாடமாக வேண்டும்!

இரண்டாம் உரை: குழந்தை. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பெறவேண்டும். இயன்றவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பெறவேண்டும். அவர் சீருடையில் இருத்தல் கூடாது. இரவில் குழந்தையை நிலையத்தில் நிறுத்தி வைத்தல் ஆகாது. 2012ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது இது. சட்டம் சீருடையைக் கழற்றச் சொல்கிறது. பயிற்சியோ சீருடையின் மிடுக்கை ஏற்றுகிறது! கழற்றத் தெரிந்தவனுக்கே அணியத் தகுதி உண்டு என்பதை எந்த அணிவகுப்பு கற்பிக்கும்?

மூன்றாம் உரை: சேரி. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து வைத்த பாழும் சாதி, காவல் நிலையத்து வாயிலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவதில்லை. நாற்காலி காட்டப்படுவது எவர்க்கு, நிற்க வைக்கப்படுவது எவர் என்பதிலே அது முகம் காட்டும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவைக் காவலர் எத்தனை பேர் மனப்பாடமாய்ச் சொல்வர்? வாய்மொழியாய்ச் சொன்ன புகாரை எழுதியபின், கையெழுத்து வாங்குமுன், சொன்னவர்க்குப் படித்துக் காட்டல் வேண்டும். படியை உடனே கையில் தரல் வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு முதிய உழவரை அமர வைத்து, "ஐயா, நீங்கள் சொன்னது இதுதானே? கேளுங்கள்" என்று படித்துக் காட்டும் காவலர் ஒருவர், ஆயிரம் சமத்துவச் சொற்பொழிவுக்கு ஈடாவார்.

நான்காம் உரை: வெள்ளம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்தது; ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேலான மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட பெருவெள்ளம் தென்பெண்ணையில் பாய்ந்து, பாகூர் கொம்யூனின் ஆற்றங்கரை ஊர்களைச் சூழ்ந்தது. நகரிலே மக்களை மீட்கப் படைவீரர் வரவேண்டியதாயிற்று. வந்தனர், காத்தனர், வணங்குகிறோம். ஆயினும், தேசியப் பேரிடர் மீட்புப் படை எவ்வளவு விரைந்து வந்தாலும், முதல் மணிநேரத்தில் அங்கே நிற்பவர் யார்? உள்ளூர்க் காவலரும் ஊர்க்காவல் படையினரும் தீயணைப்போரும் ஊர் இளைஞரும் அன்றோ! அவர்களுக்கு நீந்தத் தெரியுமா? கயிறு கட்டத் தெரியுமா? மூழ்கியவர்க்கு மூச்சூட்டத் தெரியுமா? ஏரியும் ஆறும் சூழ்ந்த மண்ணின் காவலருக்குக் கூட்டத்தைக் கலைக்கும் கலை மட்டும் போதுமா, கூட்டத்தைக் கரையேற்றும் கலை வேண்டாமா?

மொழியிலும் ஒரு முட்டுக்கட்டை

2024இல் வந்த மூன்று சட்டங்களின் பெயர்களைப் பாருங்கள்: பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாட்சிய அதினியம்! பாகூர்க் காவலர் வாயில் நுழையவே பயிற்சி வேண்டும். தேடுதலையும் கைப்பற்றுதலையும் படம் பிடித்துப் பதிய வேண்டும், ஏழாண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியலார் இடத்துக்கு வருதல் வேண்டும் என்பன போன்ற நல்ல கூறுகளும் அவற்றில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், புதுவையிலே தமிழ் ஆட்சிமொழி என்று 1965லேயே சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அந்தத் தமிழிலே பாடம் நடக்க வேண்டும். தேர்வு நடக்க வேண்டும். புரியாத சட்டத்தைக் காவலர் காக்கவும் முடியாது, புரியாத சட்டத்தால் மக்களைக் காக்கவும் முடியாது.

திரையிலே ஒரு பயிற்சிப் பள்ளி

அரசின் பயிற்சிப் பள்ளி சில மாதங்களே நடக்கும். ஆண்டு முழுதும் நடக்கும் பயிற்சிப் பள்ளி வேறொன்று உண்டு: திரைப்படம்! 'வால்டர் வெற்றிவேல்' முதல் 'சாமி', 'சிங்கம்' வரை, மீசையும் பெல்ட்டுமாய் வந்து, நீதிமன்றத்தை எள்ளி நகையாடி, தெருவிலேயே தீர்ப்பு வழங்கும் காவலரை நாம் கைதட்டிக் கொண்டாடினோம். அந்தக் கைதட்டலைக் கேட்டு வளர்ந்த சிறுவனே பின்னாளில் காக்கி அணிகிறான். குற்றத்தில் நமக்குப் பங்கில்லையா?

மாறான படங்களும் வந்தன. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், ஆந்திர மாநிலம் குண்டூரில் தாம் பட்ட பாட்டை 'லாக்கப்' என்னும் நூலாக்கினார். அது வெற்றிமாறனின் 'விசாரணை' ஆயிற்று. 'ஜெய் பீம்' 2021இல் வந்தது. 1993இல் கடலூர் மாவட்டத்தில் குறவர் இனத்தைச் சேர்ந்த இராசாக்கண்ணு காவலில் மாண்ட வழக்கை அது எடுத்துக்கொண்டது. வில்லியனூரிலிருந்து கூப்பிடு தூரம் கடலூர். பார்த்தவர் அழுதனர். அழுதபின்? 2020 ஜூனில், கடையை நேரம் கடந்து திறந்திருந்தனர் என்று சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் மாண்டனர். அந்த நிலையத்தில் கண்காணிப்புக் கருவி இருந்தது. பதிவு நாள்தோறும் அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்தது என்று நடுவர் அறிக்கை கூறிற்று. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் விசாரணையின்போது உயிரிழந்தார். கருவி கண்ணாகும், மனமாகாது. மனத்தைத் திருத்துவது பயிற்சி. பயிற்சியை மெய்யாக்குவது தண்டனை. வாச்சாத்தியில் 1992இல் நடந்த கொடுமைக்கு 2011இல் 215 பேர் தண்டிக்கப்பட்டனரே, அந்தத் தீர்ப்பை ஒவ்வொரு பயிற்சிப் பள்ளியிலும் பாடமாய் வைத்தால், அது ஆயிரம் அறிவுரைக்கு நிகர்.

காவலர் பக்கமும் நியாயம் உண்டு

ஒருபக்கம் மட்டும் பேசுவது திறனாய்வு ஆகாது. 1936 ஜூலை 30. எட்டு மணி நேர வேலை கேட்ட புதுவை ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கி சுட்டது, பன்னிருவர் மடிந்தனர். அந்தக் குருதியின் விலையாக, அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அன்று சுட்ட துப்பாக்கியை ஏந்தியவனும் கூலிக்காரனே. விந்தை என்னவெனில், தொழிலாளி பெற்ற எட்டு மணி நேரத்தைக் காவலர் இன்னும் பெறவில்லை! இந்தியக் காவலர் நாளொன்றுக்குச் சராசரி 14 மணி நேரம் உழைக்கிறார் என்று, நாம் மேலே சுட்டிய அதே ஆய்வு கூறுகிறது. சங்கம் அமைக்கும் உரிமையை 1966ஆம் ஆண்டுச் சட்டமொன்று கட்டிப் போட்டிருக்கிறது. மேலவர் திட்ட, கீழவர் வாங்க, வாங்கியதை நிலையத்துக்கு வந்த ஏழையின் மேல் இறக்கி வைக்கும் கொடுமை தொடர்கிறது. உறக்கமின்றி நிற்பவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது, காய்ந்த ஏரியிலே மீன் தேடுவது போன்றது. ஆகவே, ஓய்வும் பயிற்சியின் ஒரு பாடமே. மதிப்போடு நடத்தப்பட்டவரே மதிப்போடு நடத்துவார்.

நாம் எழுத விரும்பும் பதிப்பு

நார்வே நாட்டிலே காவலராக மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பு. பட்டம் பெற்றே பணிக்கு வருகின்றனர். அன்றாடப் பணியில் நெடுங்காலம் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்தாமலே இருந்தனர். அந்த நாட்டுப் பனியை இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. அந்த மதிப்பீட்டைக் கொணரச் சொல்கிறோம். உயிரைக் காக்கும் மருத்துவனுக்கு ஆண்டுக்கணக்கில் படிப்பு. உரிமையைக் காக்கும் காவலருக்கு மாதக்கணக்கு போதும் என்று எண்ணுவானேன்?

புதிய பதிப்பின் அதிகாரங்கள் இவையாகட்டும்: புகாரைக் கேட்கும் கலை, தமிழில் சட்டம், தடயத்தைக் காக்கும் அறிவியல், சாதியை இனங்கண்டு விலக்கும் நேர்மை, குழந்தையிடமும் பெண்ணிடமும் பேசும் முறை, வெள்ளத்திலும் விபத்திலும் உயிர்காக்கும் முதலுதவி. கைது செய்யும்போது செய்ய வேண்டியவை எவை என்று 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் பதினொரு விதிகளைச் சொல்லி, அவற்றை ஒவ்வொரு நிலையத்திலும் கண்ணில் படும்படி எழுதி வைக்கச் சொன்னது. பெயர்ப் பட்டை அணிதல், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து, உறவினர்க்குத் தகவல், நாற்பத்தெட்டு மணிக்கொரு முறை மருத்துவச் சோதனை என்பன அவற்றுட் சில. பலகையில் தொங்கும் அந்தப் பதினொன்றும் பழக்கத்தில் இறங்கட்டும்.

இளைஞர்களே! பயிற்சி காவலர்க்கு மட்டும் உரியதன்று. அந்தப் பதினொரு விதிகளை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். படிப்பகத்திலே வாசியுங்கள், தேநீர்க் கடையிலே விளக்குங்கள். புகாரின் படியைக் கேட்டுப் பெறுவது உரிமை, கருணையன்று என்பதைக் கழனியில் உழைக்கும் அன்னைக்கும் அக்காளுக்கும் சொல்லுங்கள். கேட்கத் தெரிந்த மக்கள் முன்னே, கற்காத காவலர் நெடுநாள் நிற்க இயலாது.

பாகூர் ஒரு காலத்தில் கல்விக்குப் பேர்போன ஊர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, அவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களையே கொடையாய்த் தந்ததைச் சொல்கிறது. அந்தக் கல்வி யாருக்குக் கிட்டியது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பது நமக்குத் தெரியும். மன்னன் காலத்தில் சிலரின் கல்விக்கு மூன்று ஊர் வருவாய். மக்களாட்சிக் காலத்தில் எல்லோரையும் காப்போரின் கல்விக்கு என்ன ஒதுக்கினோம்?

சிவப்புத் தொப்பி இருக்கட்டும். அதைக் கண்டால் வெளியூரார் படம் பிடிப்பது போல, உள்ளூர் ஏழை ஒருவர் ஓடாமல் நின்று, "ஐயா, எனக்கு ஒரு நியாயம் வேண்டும்" என்று சொல்லும் நாள் வரட்டும். அன்றுதான் கீழூரில் எண்ணிய வாக்குகள் முழுமையாய் எண்ணப்பட்டதாகும்.